ஒட்டா, புதுசா

அவ்வளவு பெரிய பலகை. கான்கிரீட் போடும்போது அடியில் கொடுக்கிற சென்ட்ரிங் பலகை, ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், அதில் ஆணி வேறு மேல்நோக்கி நின்றிருக்கிறது. நடுரோட்டில்கூட இல்லை, இடது ஓரமாக மணல் குவியலை ஒட்டிக் கிடந்ததாம், எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் ஒதுங்கித்தான் போனார்களாம், நான் ஒருத்தன்தான் நேராக அதன் மேல் ஏறி இறங்கினேனாம். இளநீர்க்காரம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். "இம்புட்டுப் பெரிய பலகை கெடக்கு, கண்ணு தெரியலையா சார்?" என்று அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். ரோட்டில் யாரும் யாரையும் கேட்கிற கேள்விதான், நானே ஒரு நாளைக்கு நாலு பேரைக் கேட்கிறேன், அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை, கேட்டவரும் எதிர்பார்ப்பதில்லை. நான் மட்டும் பரீட்சை ஹாலில் பிட்டோடு பிடிபட்டவன் மாதிரி நின்றேன். பிறகு வண்டியைத் தள்ளினேன். பின் டயர் சப்பிப்போய், தள்ளத் தள்ள வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. வில்லாபுரத்தில் ஒரு ரிட்டையர்ட் டீச்சர் வீட்டில் தண்ணீர் ஃபில்டர் மாற்றப் போய்க்கொண்டிருந்தேன், மூன்று மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன், நாலு பத்துக்கு மகள் மிருதுளாவுக்குப் பள்ளிக்கூடம் விடும், இரண்டுக்கும் நடுவில் இது. முதுகில் வெயில், தோளில் ஸ்பேனர் குத்துகிற பை. திரும்பிப் போய் அந்தப் பலகை எவ்வளவு பெரியது என்று பார்த்துவிட்டு வரலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது. பார்த்து என்ன செய்யப் போகிறேன், அளவெடுத்துப் பீரோவா செய்யப் போகிறேன், வாடா என்று என்னை நானே திட்டிக்கொண்டு பஞ்சர் கடைக்கு வந்து சேர்ந்தேன்.

அழகுமலை அண்ணனின் கடை என்பது ஒரு வேப்ப மரம், ஒரு காற்றடிக்கும் மெஷின், கிளைகளில் மாட்டிய பழைய டயர்கள், வந்தவர்கள் உட்கார எந்த பஸ்ஸில் இருந்தோ கழன்று வந்த ஒரு சீட். ஆறேழு வருஷமாக எனக்கு இவர்தான் பஞ்சர் பார்க்கிறார். பேச்சு அதிகம் கிடையாது. வண்டியை நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, லிவரைக் கொடுத்து நெம்பி டியூப்பை உருவி, காற்றடித்துத் தண்ணீர்ச் சட்டிக்குள் முக்கினார். குமிழி வந்தது. ஏற்கெனவே அந்த டியூப்பில் நாலு ஒட்டு இருக்கிறது, இது ஐந்தாவது. அதற்கப்புறம் டயருக்குள் கையை விட்டுச் சுற்றிலும் தடவினார். ஆணி முனை உள்ளேயே முறிந்து நின்றால் எத்தனை ஒட்டுப் போட்டாலும் மறுபடி குத்தும், அதற்குத்தான். தடவும்போது அவர் டயரைப் பார்க்கவே இல்லை, கண் ரோட்டில் போகிற டவுன் பஸ் மேல் இருந்தது, விரல் தன்பாட்டுக்குத் தேடிக்கொண்டு போனது. எனக்கு அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் போல இருந்தது. விரல் ஓரிடத்தில் நின்றது, ஆணித் துண்டை உருவி எடுத்தார், பிறகு டயரைத் தூக்கி என் பக்கம் காட்டினார். "தம்பி, டியூப்ப ஒட்டிறலாம். டயரப் பாருங்க. பட்டன் பூராம் தேஞ்சுபோச்சு, இங்கிட்டு ஓரத்துல கிழிஞ்சு நூலு வெளிய வந்துருச்சு. உள்ள பழைய டியூப்புத் துண்டு ஒண்ண வச்சு ஒட்டித் தரவா, இல்ல புதுசே போட்டுருவமா?" நான், "எதுண்ணே நல்லது?" என்றேன். "நல்லது கெட்டதுன்னு என்னா இருக்கு. இன்னும் எத்தன நாளு இந்த வண்டிய ஓட்டப் போறீங்க? ரெண்டு மாசம் மூணு மாசம்னா ஒட்டே தாங்கும். வருசக்கணக்குல ஓட்டுறதுன்னா புதுசு போடுங்க. அத நீங்கதான் சொல்லணும்" என்றார். சொல்லிவிட்டு, புதுசு வேண்டுமென்றால் பைபாஸ் கடையில் இருந்து வரவழைக்க வேண்டும், சரக்கு இருக்கிறதா என்று கேட்கிறேன் என்று போனை எடுத்துக்கொண்டு நிழல் பக்கம் போய்விட்டார்.

நான்தான் சொல்லணுமாம். இதில் என்ன சொல்ல இருக்கிறது, நாற்பத்தொரு வயசு, தினமும் எழுபது கிலோமீட்டர் வண்டியில் சுற்றினால்தான் என் பிழைப்பு, வருஷக்கணக்கில்தான் ஓட்டுவேன், புதுசு போடுங்கள் என்று அந்த நொடியே சொல்லியிருக்க வேண்டும். போன வாரம்தான் சம்பளம் வந்தது, காசும் ஒரு தடை இல்லை. வாய் வரவில்லை. சரி, ஒட்டே போடுங்கள் என்று சொல்லிவிடலாமா என்றால் அதற்கும் வரவில்லை, ஏனென்றால் ஒட்டு என்றால் இரண்டு மாசம் மூன்று மாசம், ஒட்டு என்று சொன்னால் அந்த இன்னொன்றையும் சேர்த்துச் சொன்ன மாதிரி. ஒரு டயர், கருப்பாக வட்டமாக ஒரு ரப்பர், அதற்கு இவ்வளவு யோசனையா? கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட இவ்வளவு யோசிக்கவில்லை, தமயந்தி காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன். எத்தனை நாள் என்று இதே கேள்வியைத்தான் நானும் கேட்டேன், நாலு மாசத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரியில். அந்த டாக்டரம்மா என்னைவிடப் பத்து வயசாவது சின்னவர், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார், கண்ணுக்குள் அழுத்தம் அதிகமாகி நரம்பு கெட்டுப்போயிருக்கிறது, ஓரப் பார்வை இரண்டு கண்ணிலும் போயிருக்கிறது, இடது பக்கம் ரொம்பவே, போனது திரும்பி வராது, சொட்டு மருந்து போட்டால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம், வண்டி மட்டும் ஓட்டாதீர்கள். "எத்தனை நாளைக்கு டாக்டர்?" என்று கேட்டேன். காய்ச்சலுக்குக் குளிக்க வேண்டாம் என்று சொன்னால் எத்தனை நாளைக்கு என்று கேட்போமே, அந்த மாதிரி. அவர் அப்போதுதான் கம்ப்யூட்டரை விட்டு என்னைப் பார்த்தார், பிறகு சீட்டில் மருந்து எழுதினார்.

இதில் ஒரு வேடிக்கை, எனக்குக் கண் தெரியவில்லை என்று யார் சொல்வார்கள். நேரே பார்த்தால் எறும்பின் கால் தெரிகிறது. பேப்பரில் பொடி எழுத்து விளம்பரம் படிக்கிறேன், தமயந்திக்கு ஊசியில் நூல் கோத்துத் தருவதே நான்தான். பக்கத்தில் யானை வந்தால்தான் தெரியாது. அது இருட்டாகக்கூட இல்லை, இருட்டாக இருந்தால் ஓ இங்கே இருட்டு என்று தெரிந்துவிடுமே. அங்கே ஒன்றுமே இல்லை. முதுகுக்குப் பின்னால் இருப்பது எப்படித் தெரியவில்லையோ, தெரியவில்லையே என்று யாரும் கவலைப்படுவதும் இல்லையோ, அப்படி. திடீரென்று ஒரு ஆட்டோ முளைக்கும், ஒரு மாடு முளைக்கும், எங்கிருந்துடா வந்தாய் என்று நான் கத்துவேன், அது எங்கிருந்தும் வரவில்லை, அங்கேயேதான் இருந்திருக்கிறது. அன்றைக்கு ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொன்னார்கள், நடுவில் ஒரு புள்ளி, அதையே பார்க்க வேண்டும், ஓரங்களில் எங்காவது குட்டி வெளிச்சம் மின்னினால் கையில் இருக்கிற பட்டனை அமுக்க வேண்டும். ஆரம்பத்தில் அமுக்கினேன், பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமே மின்னவில்லை. பக்கத்து அறையில் ஒரு கிழவர் டக்டக்கென்று அமுக்குகிற சத்தம் கேட்டது. எனக்கு அவமானமாகிவிட்டது. எட்டாவதில் கணக்குத் தெரியாமல் எழுதுகிற மாதிரி பாவனை செய்வேனே, அதே புத்தி, மின்னாதபோதும் ஒரு தாளம் போட்டு அமுக்க ஆரம்பித்தேன், ஒன்று இரண்டு மூன்று அமுக்கு, ஒன்று இரண்டு அமுக்கு. பாஸ் ஆகிவிடலாம் என்று நினைத்தேன். மெஷினுக்கு அதெல்லாம் தெரியுமாம். "இல்லாத வெளிச்சத்துக்கெல்லாம் அமுக்கியிருக்கீங்களே சார், இன்னொரு தடவை எடுப்போம்" என்று அந்த மெஷினை ஓட்டுகிற பெண் சிரித்தாள். இன்னொரு தடவை ஒழுங்காகச் செய்தேன், அதாவது சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் சொல்லவில்லை. கண்ணாடி பவர் மாறியிருக்கிறது என்று சொன்னேன், கண்ணாடியும் மாற்றினேன், தமயந்தி, "ஃபிரேம் நல்லாருக்குங்க" என்றாள். சொட்டு மருந்து என் வேலைப் பைக்குள் ஃபில்டர் உறைகளுக்கு அடியில் இருக்கிறது, ராத்திரி பாத்ரூமில் போட்டுக்கொள்வேன், வெளியே வந்தால் கண் சிவந்திருக்கும், சோப்பு பட்டுவிட்டது என்பேன், நாலு மாசமாக ஒரு மனுஷன் கண்ணில் சோப்பு படுமா என்று அவளும் கேட்டதில்லை. அவளுக்கு ஃபேன்சி ஸ்டோரில் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே பில் போடுகிற வேலை, வந்தால் கால் வீங்கியிருக்கும், அவளிடம் போய் இதை எப்படிச் சொல்வது. அவள் என்னைக் கேட்டதெல்லாம் சட்டையைப் பற்றித்தான். "ஏங்க, உங்க சட்டையெல்லாம் இடது பக்கம் மட்டும் இடுப்புக்கிட்ட தையல் விட்டுப் போகுது, அந்தப் பக்கம் அப்படி என்னத்தப் போட்டு இழுக்குறீங்க?" பை உரசுது போல என்றேன். பையை நான் வலது தோளில் மாட்டுகிறேன், அது அப்போது நினைவுக்கு வரவில்லை. இந்தா, போன் அடிக்கிறது, டீச்சர். எடுத்தால் எங்கே வருகிறீர்கள் என்பார், பஞ்சர் என்பேன், அப்படியா எப்படி ஆச்சு என்பார், அவர் டீச்சர், காரணம் கேட்காமல் விடமாட்டார். அடித்து ஓயட்டும். இதெல்லாம் அந்த ஆளால் வந்தது, பஞ்சர் ஒட்டச் சொன்னால் ஒட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே, எத்தனை நாள் எத்தனை வருஷம் என்று ஜோசியக்காரன் மாதிரி எதற்குக் கேட்க வேண்டும். கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு நல்லதுதான், கொஞ்ச நேரம் வேறு எதுவும் தோன்றாது.

புதுசே போட்டுவிடலாம். புது டயர் போட்டால் வண்டி ரோட்டை நன்றாகப் பிடிக்கும், பிரேக் அடித்தால் நிற்கும், மெதுவாகப் போகலாம், முப்பதுக்கு மேல் போவதில்லை என்று முடிவு செய்துகொள்ளலாம், தலையை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி ஓட்டலாம், கோழி மாதிரி. இன்னும் எட்டு வருஷம் ஓட்டினால் மிருதுளா காலேஜ் போய்விடுவாள். எட்டு வருஷம் வேண்டாம், ஐந்து. சரி, இரண்டு. பேரம் பேசிக்கொண்டே போனால் எங்கே வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் நிறுத்திக்கொண்டேன். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று டாக்டரம்மா கேட்டபோது இல்லை என்று சொன்னேன். அப்பா கடைசி மூன்று நாலு வருஷம் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டே நடப்பார், தண்ணீர்க் குடத்தைத் தட்டிவிடுவார், சுவரைத் தடவிக்கொண்டு கக்கூசுக்குப் போவார். குடிப் பழக்கமே இல்லாத மனுஷனைத் தெருவே குடிகாரன் என்றது, ஜெய்ஹிந்துபுரத்தில் எங்கள் சந்தில் அப்படித்தான் அவரைச் சொல்வார்கள், கொஞ்ச நாளில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு தடவை வாயை ஊதச் சொன்னேன். ஊதினார். வெற்றிலை வாசனை. அதை நினைத்தால் இந்த வெயிலிலும் எனக்குக் கூசுகிறது. உங்கள் குழந்தையையும் ஒரு தடவை கூட்டி வந்து காட்டிவிடுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார், அதையும் செய்யவில்லை, கூட்டிப் போனால் எதற்கு என்று தமயந்தி கேட்பாள், சொல்ல வேண்டி வரும். அழகுமலை அண்ணன் நிழலில் இருந்தபடியே, "தம்பி, சரக்கு இருக்காம், பதினஞ்சு நிமிசத்துல திருப்பிக் கூப்புடுறேன்னான், அதுக்குள்ள ஒரு முடிவச் சொல்லுங்க" என்று குரல் கொடுத்தார். மணி மூன்றே காலாகிவிட்டது.

காற்றடிக்க ஒரு வண்டி வந்து நின்றது. ஒரு ஆள், பின்னால் அவர் மகள் போலிருக்கிறது, மிருதுளா வயசுதான், பத்துப் பன்னிரண்டு, சேமியா ஐஸ் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் ஐஸ், இன்னொரு கை அப்பன் சட்டையைச் சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. அவள் எங்களையும் பார்க்கவில்லை, ரோட்டையும் பார்க்கவில்லை, மரத்தில் தொங்குகிற டயர்களை வாயைப் பிளந்து எண்ணிக்கொண்டிருந்தாள், ஏதோ பாட்டு வேறு. காற்றடித்துக் கிளம்பும்போது திரும்பி உட்கார்ந்துகொண்டு பின்னால் ஓடி வந்த நாயிடம் பேசிக்கொண்டே போனாள். அப்பன், "நேரா உக்காருடி" என்றான். மிருதுளா அப்படி உட்காரமாட்டாள், எவ்வளவு ஒழுங்கு என்று எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. என் பின்னால் ஏறினால் கம்பு மாதிரி நேராக உட்கார்ந்து, என் தோளுக்கு மேலே தலையை நீட்டி முன்னாலேயே பார்ப்பாள். பாட்டு கிடையாது. முன்னெல்லாம் வாய் ஓயாது, பள்ளிக்கூடத்தில் இருந்து வீடு வரும்வரை யார் யாருக்குக் கிள்ளு வைத்தது, யார் மிஸ்ஸிடம் அடி வாங்கியது என்று காது வலிக்கப் பேசுவாள். எப்போது நின்றது? பெரியவளாகிறாள், அதான் பேச்சு குறைந்துவிட்டது என்று தமயந்தியிடம்கூடச் சொன்னேன். பேச்சு ஒரேயடியாக நிற்கவில்லை, நடுவில் வேறு மாதிரிப் பேசினாள். "அப்பா, லெஃப்ட்ல பஸ்", "அப்பா, பள்ளம்", "அப்பா, ஒரு தாத்தா கிராஸ் பண்றாரு". எம் பொண்ணு டிராஃபிக் போலீஸு என்று எதிர்வீட்டில் சொல்லிச் சிரித்தேன். ஒருநாள் எரிச்சலில் இருந்தேன், பழங்காநத்தம் சிக்னல் பக்கத்தில், "நான் ஓட்டுறேனா நீ ஓட்டுறியா, வாய மூடிட்டு உக்காரு" என்று கத்திவிட்டேன். அதற்கப்புறம் அவள் சொல்வதில்லை. அதற்கப்புறம்தான் என் சட்டையைப் பிடிக்க ஆரம்பித்தாள். இடது பக்கம், இடுப்புக்கு மேலே, கொத்தாக. பயந்துகொண்டு பிடிக்கிறாள் என்று நினைத்தேன், ஏன்டி இந்தப் பிடி பிடிக்கிற, மெதுவாத்தான போறேன் என்றுகூடக் கேட்டிருக்கிறேன்.

வண்டியில் இடது பக்கத்துக் கண்ணாடி உடைந்துபோனது எப்போது? அது மத்தியானம், ஒரு அபார்ட்மெண்ட் கேட்டில் இடித்தது, தனியாகப் போனேன். முட்டியில் சிராய்த்தது, திருவிழாவுக்குக் கட்டிய மூங்கில் தடுப்பு, காலை பதினொரு மணி, தனியாக. ஒரு பெரியவரின் சைக்கிள் ஹேண்டில்பாரில் உரசி அவர் கீழே உட்கார்ந்துவிட்டார், நல்ல மனுஷன், பரவாயில்லை போங்க என்றார், அதுவும் தனியாக. இன்றைக்குப் பலகை. காலையில் எட்டரைக்கும் சாயந்தரம் நாலு பத்துக்கும் மிருதுளாவோடு நான் போவது இதே ரோடு, இதே நெரிசல், அதைவிட மோசமான நெரிசல், நாலு மாசத்தில் அந்த இரண்டு நேரத்திலும் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு தடவைகூட இல்லை. சட்டை இடது பக்கம் இழுபடும், நான் என்னை அறியாமல் வலது பக்கம் ஒதுங்குவேன். மூச்சு விடுகிற மாதிரி ஒதுங்குவேன். இழுபட்டதால்தான் ஒதுங்கினேன் என்று எனக்கு இந்த நிமிஷம் வரை தெரியாது. கையைக் கொண்டுபோய் இடுப்புக்கிட்ட தொட்டுப் பார்த்தேன். தையல் விட்டு இரண்டு விரல் உள்ளே போகிற அளவுக்கு ஓட்டை. நான் ஓட்டவே இல்லை, நாலு மாசமாக அவள்தான் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, தினமும் இரண்டு வேளை, வாயை மூடிக்கொண்டு. திட்டு வாங்காமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்து, என்னிடமும் சொல்லாமல், அவள் அம்மாவிடமும் சொல்லாமல். பள்ளிக்கூடத்தில் இருந்து வந்ததும் சாப்பிடாமல்கூடத் தூங்கிப்போகிறாளே, ரத்தம் கம்மியா இருக்கும், டானிக் வாங்குங்க என்று தமயந்தி சொல்கிறாளே, ஐயோ. அப்பாவை ஊதச் சொன்னதற்குப் பிறகு இவ்வளவு கேவலமாக நான் என்றைக்கும் உணர்ந்ததில்லை. பயமும் வந்தது, இவ்வளவு நாளும் எனக்காகப் பட்ட பயம் இல்லை, இது அவளுக்காக. ஒருநாள் அவளுக்குத் தூக்கம் சொக்கியிருந்தால், ஒருநாள் அவள் அந்தப் பெண் மாதிரி திரும்பி உட்கார்ந்து நாயிடம் பேசியிருந்தால்.

போன் அடித்தது, என்னுடையது இல்லை, அழகுமலை அண்ணனுடையது. அவர் எடுத்து, "இருப்பா" என்று சொல்லிப் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தார். "டயர்க் கடதான். சொல்லுங்க தம்பி, அனுப்பச் சொல்லவா?" நான் எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை, உட்கார்ந்துகொண்டே சொல்லியிருக்கலாம். "அண்ணே, எனக்குப் பக்கத்துல வர்றது தெரியலண்ணே. நேரா தெரியுது, ஓரத்துல எதுவுமே தெரியல. டாக்டர் ஓட்டக் கூடாதுன்னு சொல்லி நாலு மாசமாச்சு." என் குரல் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. அவர் என் கண்ணைப் பார்த்தார், முதலில் ஒன்றை, பிறகு இன்னொன்றை, டியூப்பைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார். பிறகு போனை வாய்க்குக் கொண்டுபோனார். "ஏப்பா, டயரு வேணாம். இல்லப்பா, வேற கடைக்கெல்லாம் போகல. வேணாம், அம்புட்டுத்தான்" என்று சொல்லி வைத்துவிட்டார். என்னிடம், "அப்ப ஒட்டே போதும் தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள் என்று அவர் சொல்லியிருந்தால் நான் புது டயர் கேட்டிருப்பேன், எனக்குத் தெரியும், ஏன் இத்தனை நாள் ஓட்டினாய் என்று திட்டியிருந்தால் கோபித்துக்கொண்டு கேட்டிருப்பேன். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஓட்டை விழுந்த இடத்தைச் சொரசொரவென்று தேய்த்து, பசை தடவி, அது காயட்டும் என்று ஊதினார். எனக்கு அழுகை வந்தது. பஸ் சீட்டில் உட்கார்ந்து அழுதேன், துடைத்துக்கொண்டேன், மறுபடி வந்தது. அவர் நிமிரவில்லை. ஒட்டை வைத்துச் சுத்தியலால் தட்டி முடித்த பிறகுதான், "வண்டி இங்கயே நிக்கட்டும். கட சாத்துறப்ப நானே கொண்டாந்து வீட்டுல விட்டுர்றேன். வீடு எங்கிட்டு?" என்று கேட்டார்.

தமயந்திக்குப் போன் போட்டேன். கடை நேரத்தில் நான் கூப்பிடமாட்டேன், அதனால் எடுத்ததுமே, "என்னங்க, வண்டிக்கு என்னாச்சு?" என்றாள். "வண்டிக்கு ஒண்ணுமில்ல, பஞ்சர்தான். உங்கிட்ட வேற ஒண்ணு சொல்லணும், சாயந்தரம் சொல்றேன்." "இப்பச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். டாக்டர், மெஷின், சொட்டு மருந்து எல்லாவற்றையும் நின்ற இடத்தில் மூச்சு விடாமல் சொன்னேன், மிருதுளா சட்டையைப் பிடித்து இழுத்ததை மட்டும் சொல்ல ஆரம்பித்து முடிக்க முடியவில்லை. அந்தப் பக்கம் பில் மெஷின் ஓடுகிற சத்தம், யாரோ பை கேட்கிறார்கள். பிறகு, "பாப்பாவ நான் போய்க் கூட்டியாரவா?" என்றாள். நானே நடந்து போகிறேன், இங்கிருந்து பத்து நிமிஷம்தான் என்றேன். "பாத்துப் போங்க" என்றாள், என்றைக்கும் சொல்வதுதான், சொல்லிவிட்டு அவளும் அழுதாள். டீச்சரையும் கூப்பிட்டேன். நாளைக்கு வேறு ஆள் வருவார் டீச்சர் என்றேன், ஏன் என்று கேட்டார், கண் சரியில்லை என்றேன். மூன்றாவது தடவை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

பள்ளிக்கூடக் கேட்டில் நான் நிற்கும்போது மிருதுளா என்னைப் பார்ப்பதற்கு முன்னால் என் இரண்டு பக்கமும் வண்டியைத் தேடினாள். "வண்டி எங்கப்பா?" "பஞ்சர்டா. கடையில கெடக்கு. நடந்துதான் போகணும்." "நாளைக்கு?" "நாளைக்கும் நடந்துதான். இனிமே அப்பா வண்டி ஓட்ட மாட்டேன்." ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன், அது வீணாகிவிட்டது. புத்தகப் பையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள், இடது பக்கம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பெட்டிக்கடை தாண்டும்போது, "அப்பா, அந்த ரெஜினா இருக்கால்ல" என்று ஆரம்பித்தாள். ரெஜினாவின் டிபன் பாக்ஸை யாரோ ஒளித்து வைத்தார்களாம், அதை மிஸ்ஸின் மேஜைக்கு அடியிலேயே வைத்தார்களாம், சாம்பார் ஒழுகி மிஸ்ஸின் செருப்புக்குள் போய்விட்டதாம், யார் செய்தது என்று கேட்டதற்கு நாலு பேர் எழுந்து நின்றார்களாம், அதில் இரண்டு பேர் அன்றைக்கு லீவு போட்டவர்களாம், லீவு போட்டவர்கள் எப்படி எழுந்து நிற்பார்கள் என்று நான் கேட்டதற்கு, அய்யோ அப்பா நடுவுல பேசாதீங்க என்று கையை உதறிவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டாள். அது முடிவதற்குள் இன்னொன்று, அது முடிவதற்குள் போன மாசம் நடந்த ஒன்று. என் முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டு, மிஸ் செருப்பைத் தூக்கிப் பார்த்த மாதிரி முகத்தை வைத்துக் காட்டினாள். என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். வீடு வரும்வரை அவள் ரோட்டைப் பார்க்கவே இல்லை.